தேங்காய் நாரும் மேற்குச் சுவரும்

சித்திரை மாதம் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கான்கிரீட் வீட்டுக்குள் நின்று, மாலை 6 மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். வெளியே வெயில் தணிந்துகொண்டிருக்கும். சுவரோ அப்போதுதான் உள்பக்கம் சுடத் தொடங்கியிருக்கும். பிற்பகல் முழுக்க வெளிமுகம் வாங்கிய வெப்பம் செங்கல்லையும் பூச்சையும் கடந்து உள்ளே வந்து சேர அத்தனை நேரம் பிடிக்கிறது. இரவு 10 மணி, 11 மணி வரை அந்தச் சுவர் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறியால் அதைச் சுற்றிவிட முடியுமே தவிரக் குறைக்க முடியாது. அறந்தாங்கியிலும் கந்தர்வகோட்டையிலும் வயதானவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவது இதனால்தான்.

கீற்று வேய்ந்த மண்சுவர் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கீற்று எரியும், ஒழுகும், காற்றுக்குப் பறக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி உள்ளே புகுந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. குடிசைகள் கூரையை இழந்தன. அந்த விடியலைப் பார்த்த குடும்பத்திடம் போய்க் குடிசைதான் குளிர்ச்சி என்று பேசுவது நியாயமில்லை. அவர்களுக்கு வேண்டியது கான்கிரீட் வீடு. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு அதைத்தான் கட்டித்தருகிறது. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். வெயில் ஏறிய அறையை விட்டு வேறு அறைக்குப் போய்ப் படுக்கலாம் என்ற வசதி அந்த அளவில் கிடையாது. சுவரும் தளமும் தரும் சூட்டை அப்படியே தாங்க வேண்டும்.

இதே வட்டாரத்தில்தான் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் ஆலைகள் இயங்குகின்றன. வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும் பொருள் நார். அதைச் சிமெண்ட்டோடு சேர்த்துச் சுவரில் வைத்தால் என்ன என்ற கேள்வி உலகத்தின் பல ஆய்வுக்கூடங்களில் அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டுவருகிறது. விடை முடியும் என்பதுதான். ஆனால் எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, எந்தச் சிமெண்ட்டில் வைப்பது என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் நாரும் வீண், கூலியும் வீண்.

முதலில் வெப்பத்தின் கணக்கு. ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதை வெப்பக் கடத்துதிறன் என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் பெரிதானால் வெப்பம் தாராளமாகப் போகும்; சிறிதானால் தடைபடும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1987-ல் வெளியிட்ட எஸ்பி 41 என்ற கையேட்டில் நம் கட்டுமானப் பொருள்கள் பலவற்றுக்கும் இந்த எண் உண்டு. அடர்ந்த கான்கிரீட்டுக்கு 1.74, இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 1.58, சுட்ட செங்கல்லுக்கு 0.81, சிமெண்ட் பூச்சுக்கு 0.72. அதே பட்டியலில் நெல் உமி 0.051-லும், தென்னை நார்க்கழிவில் செய்த பலகை 0.060-லும், தளர்வாக அழுத்திய தென்னை நார்ப் பலகை 0.038-லும் நிற்கின்றன. கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் நார்ப் பலகை கடத்தும் வெப்பம் நாற்பதில் ஒரு பங்குதான்.

இந்த ஆற்றல் நாரிடம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி காற்றிடமிருந்து. அசையாமல் நிற்கும் காற்றின் கடத்துதிறன் 0.026. நகர்ந்து சுழலவிடாமல் அதைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைத்தால் வெப்பத்துக்குக் காற்றைப் போலத் தடை வேறில்லை. தென்னை நார் ஒன்றைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால் அது திடமான கம்பி போலத் தெரியாது. தலைமுடியைவிடச் சற்றுப் பருத்த அந்த இழைக்குள் மிக நுண்ணிய குழாய்கள் பல கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு குழாயும் ஒரு செல். நீளம் 1 மில்லிமீட்டர் அளவு, குறுக்களவு அதில் ஐம்பதில் ஒரு பங்கு, நடுவில் வெற்றிடம். கட்டுக்கு மத்தியிலும் ஒரு பொந்து உண்டு. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது லிக்னின் என்னும் மரப்பிசின் போன்ற பொருள். சணலிலும் கற்றாழை நாரிலும் இல்லாத அளவுக்குத் தேங்காய் நாரில் லிக்னின் அதிகம். எடையில் 40 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டாலும் மட்டை அழுகி நார் மட்டும் மிஞ்சுவது அதனால்தான். நீண்டு கொடுப்பதிலும் தேங்காய் நார் தனி. இழுத்தால் பட்டென்று அறாமல் தன் நீளத்தில் நாலில் ஒரு பங்குவரைகூட நீண்ட பிறகே அறும்.

நாரைக் கட்டடத்தில் சேர்ப்பது நமக்குப் புதிது கிடையாது. மண்சுவர் வைப்பவர்கள் சேற்றில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்ததற்குக் காரணம் காயும்போது வெடிப்பு விழாமல் இருக்கத்தான். சுவர் குளிர்ச்சியாக இருந்தது கூடுதல் பலன். இந்தியாவில் இதற்குக் கிடைத்த மிக அழகான சான்று எல்லோராவில் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் ராஜ்தேவ் சிங்கும் மராத்வாடா பல்கலைக்கழகத் தாவரவியலாளர் சர்தேசாயும் அந்தக் குகைகளின் மண்பூச்சை ஆராய்ந்து, அதில் கஞ்சாச் செடியின் நார் கலந்திருப்பதை 2016-ல் வெளிவந்த கட்டுரையில் காட்டினார்கள். பல நூற்றாண்டு கடந்தும் அந்தப் பூச்சில் நார் நாராகவே இருக்கிறது. ஐரோப்பாவில் இன்று அதே செடியின் தண்டுச் சக்கையைச் சுண்ணாம்பில் கலந்து சுவர் வைக்கிறார்கள். அந்தச் சுவர் செங்கல்லைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லோராவில் நாரைச் சூழ்ந்திருப்பது மண். ஐரோப்பியச் சுவரில் சூழ்ந்திருப்பது, காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கி நாளடைவில் காரம் தணிந்துபோகும் சுண்ணாம்பு. சிமெண்ட் அப்படிப்பட்டதில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வரலாம்.

நாரைச் சிமெண்ட்டில் சேர்க்கலாம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது பூச்சுக் கலவையில் ஒரு கைப்பிடி தூவுவது. அதனால் சூடு குறையுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 அங்குலச் செங்கல் சுவர், இரு பக்கமும் பூச்சு. வெளிக்கும் உள்ளுக்கும் 1 டிகிரி வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே ஏறக்குறைய 2 வாட் வெப்பம் உள்ளே போகும். பூச்சின் கனம் 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நார் சேர்த்ததில் ஒரு பக்கப் பூச்சின் கடத்துதிறன் சரிபாதியாகவே குறைந்துவிட்டது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், மொத்தச் சுவருக்கும் கிடைக்கும் ஆதாயம் 4 சதவீதத்தைச் சுற்றித்தான். கையால் தொட்டுப் பார்த்து அறியக்கூடிய வேறுபாடு அதில் இல்லை. நிஜத்தில் கலவையின் பருமனில் 1 சதவீதம், 2 சதவீதம் நார் சேர்ப்பதால் கடத்துதிறன் பாதியாகவும் குறையாது. நார் பூச்சு அடித்தால் வீடு ஏசி போட்டதுபோல் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அதற்காக அந்தக் கைப்பிடி நார் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அதன் வேலை வேறு. சித்திரை வெயிலில் பூசிய சுவர் வேகமாக உலர்ந்து மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். கொத்தனார் எத்தனை தடவை தண்ணீர் அடித்தாலும் சில இடங்களில் அது தப்பாது. வெடிப்பு திறக்கப் பார்க்கும் இடத்தில் குறுக்கே கிடக்கும் நார் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. அடியைத் தாங்குவதிலும் அப்படியே. புதுச்சேரி பொறியியல் கல்லூரியில் ராமகிருஷ்ணாவும் சுந்தரராஜனும் தேங்காய் நார், கற்றாழை நார், சணல், புளிச்சை நார் நான்கையும் தனித்தனியே சிமெண்ட் கலவைப் பலகைகளில் சேர்த்து மேலிருந்து எடையைப் போட்டு உடைத்துப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், நாரில்லாத பலகையைவிட நார்ப் பலகைகள் 3 முதல் 18 மடங்குவரை அடி தாங்கின. நான்கில் முதலில் நின்றது தேங்காய் நார்.

சூட்டைத் தடுக்க வேண்டுமானால் நாரின் பங்கை அடியோடு கூட்ட வேண்டும். அப்போது கிடைப்பது கான்கிரீட்டாக இருக்காது. சிமெண்ட் தோய்ந்த நார்ப் பலகையாக இருக்கும். பாங்காக்கில் உள்ள ஆய்வாளர்கள் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறார்கள். 2001-ல் கெதாரி குழுவினர் தேங்காய் நாரையும் துரியன் பழத் தோலின் நாரையும் சிமெண்ட்டில் சேர்த்து எடை குறைந்த, வெப்பம் கடத்தாத பலகைகளைச் செய்தார்கள். 2007-ல் அசசுத்சரித் என்பவரும் உடன் உழைத்தவர்களும் தேங்காய் நார்ப் பலகைக்கு ஏற்ற பக்குவத்தையே தேடிக் கண்டார்கள். எடைக் கணக்கில் சிமெண்ட் 2 பங்கு, நார் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு. நாரின் நீளம் 1 முதல் 6 சென்டிமீட்டர். அவர்கள் கண்ட இன்னொரு செய்தி மிக எளியது: நாரை வேகவைத்து அலசிய பிறகு சேர்த்தால் பலகை உறுதியாகிறது. பச்சை நாரில் சர்க்கரையும் துவர்ப்புப் பொருள்களும் இருக்கின்றன. அவை கலவைத் தண்ணீரில் கரைந்து சிமெண்ட் இறுகுவதைத் தடுக்கும். கொதிநீர் அவற்றை வெளியேற்றுகிறது. கொப்பரையும் விறகும் இருந்தால் நடக்கிற வேலை.

அந்த மாதிரிப் பலகையின் கடத்துதிறன் 0.1 என்று வைத்துக்கொண்டு பழைய கணக்கை மறுபடி போடலாம். எஸ்பி 41 கையேட்டில் சிமெண்ட்டால் பிணைத்த மரச்சுருள் பலகைக்கு 0.081 முதல் 0.108 வரை கொடுத்திருப்பதால் இது மிகைப்படுத்தல் ஆகாது. 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலக் கனமுள்ள பலகையை 9 அங்குலச் செங்கல் சுவரோடு சேர்த்தால் 2 வாட் என்பது 1.35 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு வெப்பம் நின்றுபோகிறது. செலவைக் குறைக்க 6 அங்குல சாலிட் பிளாக் வைத்துக் கட்டிய சுவர் இன்னும் மோசம். அதன் வழியே 3.4 வாட் உள்ளே வரும். அதே பலகை அங்கே வந்தால் 1.8-க்கு இறங்கும், ஏறக்குறைய பாதி. ஏழை வீட்டுச் சுவருக்குத்தான் இந்தப் பலகையால் அதிக லாபம் என்பது இந்தக் கணக்கில் மனத்துக்கு நிறைவு தரும் பகுதி.

தமிழ்ப் பெயர் ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பரமசிவம் என்பவர் நாதன், தாஸ் குப்தா ஆகிய இருவரோடு சேர்ந்து 1984-ல் தேங்காய் நார் சேர்த்த சிமெண்ட் நெளி பலகைகளைப் பற்றி எழுதினார். ஏழை நாடுகளின் மலிவு வீடுகளுக்கு உதவ வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நார் 2.5 சென்டிமீட்டர் நீளம், பருமனில் 3 சதவீதம், வார்க்கும்போது இலேசான அழுத்தம். வெப்பத்தைக் கடத்துவதில் அந்தப் பலகை அன்று அங்கே விற்ற கல்நார்ப் பலகைக்கு இணையாக இருந்தது. கிராமங்களில் இன்றும் மாட்டுக்கொட்டகைக்கும் வீட்டுக்கும் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இருப்பது இந்தக் கல்நார்தான். அதை அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பதால் அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் கயிற்று ஆலைக் கழிவைச் சிமெண்ட்டோடு சேர்த்துக் கூரைத் தகடு செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. இத்தனை இருந்தும் தேங்காய் நார்ப் பலகை ஏன் ஊரூராகப் பரவவில்லை?

காரணம் சிமெண்ட்டின் காரம். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது பக்க விளைவாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. எளிதாகச் சொன்னால் நீற்றின சுண்ணாம்பு. இறுகிய சிமெண்ட்டின் நுண்துளைகளில் நிற்கும் ஈரத்தின் காரத்தன்மை (pH) 12.5-க்கு மேல். இரும்புக் கம்பிக்கு அது பாதுகாப்பு. கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதே அதனால்தான். நாருக்கோ அது நஞ்சு. செல்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினைக் காரம் கரைக்கிறது. கட்டு கட்டாக இருந்த குழாய்கள் பிரிகின்றன. அது மட்டுமில்லை. மழையில் நனைந்து வெயிலில் காயும் ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு கலந்த நீர் குழாய்களின் வெற்றிடத்துக்குள் போய் அங்கேயே படிகமாகிறது. வளைந்து கொடுத்த நார் கல்லாகி, ஒடிந்துபோகும் குச்சியாகிறது. ஸ்வீடனில் கிராம் என்ற ஆய்வாளர் 1983-ல் இந்தச் செயல்பாட்டை விரிவாக விளக்கினார். பிரேசிலில் தொலேதோ ஃபில்யோவின் குழு 2000-ல் வெளியிட்ட அளவீடுகள் இன்னும் தெளிவானவை. காஸ்டிக் சோடாக் கரைசலில் 420 நாள் கிடந்த தேங்காய் நாரில் முதலில் இருந்த வலுவில் 61 சதவீதம் மிஞ்சியது; கற்றாழை நாரில் 73 சதவீதம். சுண்ணாம்புக் கரைசலில் கிடந்தவற்றில் 300 நாளுக்குப் பிறகு எதுவுமே மிஞ்சவில்லை. உப்பங்கழியில் தேங்காய் நாரைக் காப்பாற்றிய லிக்னின் சுண்ணாம்பிடம் தோற்றுவிடுகிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இந்தப் பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1970-களிலும் 80-களிலும் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்க நாடுகளின் கிராமங்களில் கற்றாழை நாரும் தேங்காய் நாரும் சேர்த்த சிமெண்ட் கூரைத் தகடுகளைப் பரப்பும் முயற்சி பெரிய அளவில் நடந்தது. ஊரிலேயே செய்யலாம், செலவு குறைவு, வேலைவாய்ப்பும் உண்டு என்று எல்லாம் பொருந்திவந்தது. சில ஆண்டுகளில் நார் செத்தது. பெரிய தகடுகள் வெடித்தன. பிறகு தகட்டைச் சிறு ஓடாகக் குறுக்கினார்கள். கடைசியில் நாரையே விட்டுவிட்டு மைக்ரோ கான்கிரீட் ஓடு என்று செய்யத் தொடங்கினார்கள். இந்தியாவில் பிற்பாடு வந்த மைக்ரோ கான்கிரீட் ஓடுகள் அந்த வழியில் வந்தவைதான். ஏழைகளின் கூரையில் நடந்த சோதனை அது. அடுத்த முறை சோதனை முதலில் ஆய்வுக்கூடத்தில் முடிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் கூரைக்கும் சுவர்ப் பலகைக்கும் உள்ள வேறுபாடு உதவிக்கு வருகிறது. கூரைத் தகட்டில் நார் இழுவிசையைத் தாங்க வேண்டும். அதன் வலு போனால் தகடும் போயிற்று. நன்றாகக் கட்டிய சுவரோடு ஒட்டி நிற்கும் பலகையோ எந்தப் பளுவையும் சுமப்பதில்லை. வெப்பத்தைத் தடுப்பது நாரின் வலுவல்ல, அதற்குள்ளும் அதைச் சுற்றியும் அடைபட்ட காற்று. நார் முறுகிப்போனாலும் அது விட்டுச்செல்லும் துளை அங்கேதான் இருக்கும். ஆகவே இயற்கை நாரைச் சிமெண்ட்டில் நம்பிப் பயன்படுத்தக்கூடிய இடம் பளு சுமக்காத பலகையும் தடுப்பும்தான். தூணிலும் உத்தரத்திலும் தளத்திலும் கம்பிக்குப் பதிலாக நாரைப் போடுவது உயிரோடு விளையாடுவது.

பலகை நொறுங்காமல் பல காலம் இருக்க வேண்டுமானால் காரத்தையும் குறைக்க வேண்டும். அதற்குச் சாட்சியாக பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஒரு வீடு நின்றது. அகோப்யன் குழுவினர் 1980-களின் முடிவில் கட்டிய அந்த வீட்டின் சுவர்ப் பலகைகளில் தேங்காய் நார் இருந்தது. பருமனில் 2 சதவீதம். பிணைப்புப் பொருளாக அவர்கள் எடுத்தது சாதாரணச் சிமெண்ட்டை அல்ல. இரும்பு ஆலையின் ஊதுலைக் கசடை அரைத்து, அதோடு கொஞ்சம் சுண்ணாம்பும் ஜிப்சமும் சேர்த்த கலவையை. 12 ஆண்டுக்குப் பிறகு உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் துண்டு எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது நார்கள் சேதமில்லாமல் தெரிந்தன. லிக்னினில் சில மாற்றங்கள் இருந்தன. ஆனால் நார் நாராகவே இருந்தது. வெயிலும் மழையும் பட்ட வெளிச்சுவரிலும் அப்படியே என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

2009-ல் தொலேதோ ஃபில்யோ குழு வேறொரு வழி காட்டியது. சிமெண்ட்டில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 30 சதவீதம் சுட்ட களிமண் வகையான மெட்டாகயோலினும் 20 சதவீதம் பொடித்த செங்கல் கழிவும் சேர்த்தார்கள். சிமெண்ட் உண்டாக்கும் சுண்ணாம்பையெல்லாம் அந்தப் பொடிகளில் உள்ள சிலிக்கா இழுத்துக்கொண்டு வேறு பிணைப்புப் பொருளாக மாற்றிவிட்டது. நாரைத் தின்ன எதுவும் மிச்சமில்லை. இதைப் படிக்கும் பழைய கொத்தனாருக்குச் சிரிப்பு வரும். சுண்ணாம்போடு செங்கல்பொடியை அரைத்துச் சுர்க்கிக் கலவை செய்தவர்கள் அவர்களுடைய பாட்டன்மார். திருமயம் பக்கத்தில் ராயவரத்திலும் அரிமளத்திலும் நிற்கும் நகரத்தார் வீடுகளின் கனத்த சுவர்களும் சிமெண்ட்டுக்கு முந்திய காலத்தின் சுண்ணாம்பு வேலைதான்.

புதுக்கோட்டைக்கு இதில் எதுவும் எட்டாத தூரத்தில் இல்லை. ஊதுலைக் கசடு சேர்ந்த ஸ்லாக் சிமெண்ட்டை இந்தியத் தரப்படி 70 சதவீதக் கசடு வரை சேர்த்துச் செய்யலாம். பலகைக்கு அது பொருத்தம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிபிசி சிமெண்ட்டிலேயே 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. பழைய ஓபிசி சிமெண்ட்டைவிட அது நாருக்கு நல்லது. ஆனால் பிரேசில் கணக்கைப் பார்த்தால் அது மட்டும் போதாது, மேற்கொண்டு பொடி சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே காவிரிப் படுகை. அரிசி ஆலைகளில் எரித்த உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான்; கட்டுப்பாடான சூட்டில் எரித்து நன்றாக அரைத்தால் அது மெட்டாகயோலினின் இடத்தை எடுத்துக்கொள்ளும். கறுப்பாக, அரைகுறையாக எரிந்த சாம்பல் இதற்கு உதவாது. செங்கல் காளவாய்களில் உடைந்து குவியும் துண்டும் பொடியும் இருக்கவே இருக்கின்றன.

நாருக்குக் குறைவில்லை. பத்துப் பன்னிரண்டு மட்டையை அடித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நார் தேறும். மட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே நார். மற்றது பழுப்பு நிறத்தில் குவியும் நார்க்கழிவு. கயிறு திரிக்கவும் மெத்தைக்கும் நீள நார்தான் விலைபோகும். பலகைக்கு வேண்டியது 1 முதல் 6 சென்டிமீட்டர் துண்டு. ஆலையில் மலிவாகக் கழிக்கும் குட்டை நார் இங்கே முதல் தரம். கஜாவுக்குப் பிறகு நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், மட்டைக்குப் புதிதாக ஒரு வாங்குபவர் வந்தால் கீரமங்கலம் விவசாயிக்கு அது சிறிய செய்தியாக இருக்காது.

செய்முறையில் கைப்பழக்கம் வேண்டிய இடங்கள் சில உண்டு. உலர்ந்த நாரைக் கலவை மிஷினில் அப்படியே கொட்டினால் அது சுருண்டு உருண்டையாகிவிடும். உள்ளே சிமெண்ட் போகாது. கலவைக்கு ஊற்றிய தண்ணீரையும் நார் உறிஞ்சிவிடும், தன் எடைக்குச் சமமாகவும் அதற்கு மேலும். அதனால் வேகவைத்து அலசிய நாரை ஈரம் சொட்டாத பதத்தில் எடுத்து, பிரித்துப் பிரித்து, சிமெண்ட் கூழ் தயாரான பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பிறகு அச்சில் போட்டு அழுத்தி, அழுத்தத்தை ஒரு நாளாவது விடாமல் வைத்திருக்க வேண்டும். நார் நிமிரப் பார்க்கும். சிமெண்ட் இறுகுவதற்குள் அழுத்தத்தை எடுத்தால் பலகை உப்பிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஈரம். தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன் 0.6, அதாவது காற்றைப்போல 23 மடங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நார்ப் பலகை நனைந்து துளைகளில் காற்றிருந்த இடத்தில் தண்ணீர் ஏறினால், காசு போட்டு வாங்கிய தடுப்பு அன்றைக்கு இல்லாமல் போகிறது. காரத்தை நாருக்குள் கொண்டுபோவதும் அதே தண்ணீர்தான். எனவே பலகையைச் சுவரின் உள்பக்கம் பொருத்துவது பாதுகாப்பான வழி. வெளிப்பக்கம் பொருத்தினால் பலன் அதிகம்; சுவர் வெப்பத்தை வாங்குவதற்கு முன்பே நிறுத்திவிடலாம். ஆனால் அங்கே பலகை மேல் நல்ல பூச்சும், வெட்டிய விளிம்புகளுக்கு அடைப்பும், மேலே ஓரடியாவது நீண்ட சன்ஷேடும், தரைமட்டத்திலிருந்து ஓரடி இடைவெளியும் இல்லாமல் தொடவே கூடாது. கரையான் ஏறாமலிருக்கவும் அந்தக் கடைசி இடைவெளி உதவும். குளியலறைச் சுவருக்கு எந்தப் பக்கமும் இது ஆகாது.

கையிலிருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் அதைச் சுவரில் போடுவதைவிடத் தளத்தில் போடுவதே சரி. ஒற்றைத் தள வீட்டில் உச்சி வெயில் முழுதும் விழுவது மேலே. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தாலும், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும், தளத்தின் மேல் கீற்றுக் கொட்டகை போட்டாலும் கூலிக்கு ஏற்ற பலன் உடனே தெரியும். அடுத்த இடம் மேற்குச் சுவருக்கு. கிழக்குச் சுவர் வாங்கும் வெயில் காலையோடு போய்விடும். மேற்குச் சுவரின் வெயில்தான் தூங்கும் நேரத்துக்கு உள்ளே வந்து சேர்கிறது. வடக்குச் சுவருக்கு இந்த ஊரில் செலவு செய்யத் தேவையே இல்லை. இந்தியக் குடியிருப்புகளுக்கென்று 2018-ல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற எரிசக்தி விதி, சுவரும் சன்னலும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடக் கூடாது என்கிறது. பெரிய அடுக்குமாடிகளை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. 360 சதுர அடி வீட்டுக்கு யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. போட வேண்டியது அங்கேதான்.

மாவட்டத்தில் உள்ள பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறைத் திட்டம் அமைவது அரிது. மேற்கைப் பார்த்து ஒரே அளவில் இரண்டு சுவர். ஒன்றில் மட்டும் பலகை. பலகையிலும் இரண்டு வகை: பிபிசி சிமெண்ட்டில் ஒன்று, உமிச்சாம்பலும் செங்கல்பொடியும் கூட்டியது ஒன்று. இரண்டு சுவரின் உள்முகத்திலும் வெப்பமானி வைத்துச் சித்திரையிலிருந்து மணிக்கு ஒரு தடவை குறித்துவர வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, நாரை உருவி எடுத்து, எவ்வளவு எடையில் அறுகிறது என்று பார்க்க வேண்டும். கழற்றி மாட்டும் வகையில் பலகையைப் பொருத்தி, ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு தடவையும் தை பிறந்ததும் ஒரு தடவையும் தராசில் வைத்தால், மழை எவ்வளவு தண்ணீரை ஏற்றியது, எவ்வளவு இன்னும் இறங்காமல் நிற்கிறது என்பதும் கிலோ கணக்கில் தெரிந்துவிடும்.